கொய்னா பட்டை: மலையில் மருந்து, எண்ணூரில் காய்ச்சல்

இந்த எபிசோட் ஒரு மரப்பட்டையைப் பற்றியது. சின்கோனான்னு சொன்னா பாதிப் பேருக்குத் தெரியாது. ஆனா "கொய்னா மாத்திரை"ன்னு வீட்டுல இருக்கிற தாத்தாகிட்டயோ ஆயாகிட்டயோ சொல்லிப் பாருங்க, உடனே முகத்தைச் சுளிப்பாங்க. அவ்வளவு கசப்பு. மலேரியாவுக்கு உலகத்துல முதன்முதலா உருப்படியா வேலை செய்த மருந்து அதுதான். அது வந்தது ஒரு மரத்தோட பட்டையிலிருந்து. அந்த மரம் ஒரு காலத்துல நம்ம நீலகிரியில ஏக்கர் கணக்கில் வளர்ந்தது.

நான் இருக்கிறது வள்ளூர். மீஞ்சூருக்கும் எண்ணூருக்கும் நடுவுல. வெளியூர்க்காரங்களுக்கு அனல்மின் நிலையம் இருக்கிற ஊர்னு சொன்னாத்தான் புரியும். இந்தக் கதைக்குள்ள இந்த ஊர்ப்பக்கம் எப்படி வருதுன்னா, 1942-ல் இந்திய மலேரியா இன்ஸ்டிடியூட்டின் இதழில் ஒரு கட்டுரை வெளியானது. எழுதியவர்கள் பால் ரஸ்ஸல், வி.பி. ஜேக்கப். தலைப்பு, எண்ணூர்–நெல்லூர் கடலோரப் பகுதியின் மலேரியா பற்றியது. அதாவது நம்ம பகுதிதான்.

இங்கதான் எனக்குக் கேள்வி வந்தது. கொய்னா மரம் நீலகிரிக்கு வந்தது 1860-ல். அதே மெட்ராஸ் மாகாணம்தான். மருந்து நம்ம மாகாணத்து மலையிலேயே விளைஞ்சும், 80 வருஷம் கழிச்சும் எண்ணூர்ல மலேரியா ஆராய்ச்சி பண்ற நிலைமை ஏன் இருந்தது? இன்னைக்கு அதைத்தான் பார்க்கப் போறோம்.

பட்டை நமக்குப் புதுசு இல்ல

முதல்ல ஒரு விஷயம். மரப்பட்டையை மருந்தாக்குறது நமக்கு வெள்ளைக்காரன் சொல்லிக் கொடுத்தது இல்லை. காய்ச்சலுக்கு வேப்பம்பட்டைக் கஷாயம், ஏழிலைப்பாலைப் பட்டை, இதயத்துக்கு மருதம்பட்டை என்று சித்த வைத்தியத்தில் பட்டைகளுக்கென்றே ஒரு பெரிய இடம் உண்டு. ஒரு நாள் விட்டு ஒரு நாள் நேரம் தவறாமல் குளிர் எடுத்து வருகிற காய்ச்சலுக்கு "முறைக்காய்ச்சல்" என்று தனியாகப் பேரே வைத்திருந்தார்கள். மலேரியா கிருமி ரத்தத்தில் பெருகி வெடிக்கிற சுழற்சி சுமார் 48 மணி நேரம். கிருமியைப் பார்க்காமலே அந்தக் கணக்கைப் பிடிச்சிருக்காங்க.

ஆங்கில அரசும் இதைக் கவனித்தது. 1868-ல் வெளியான இந்திய மருந்து நூலில் வேப்பம்பட்டை இடம்பெற்றது. அதற்கு அடுத்த வருஷமே, 1869-ல், மெட்ராஸைச் சேர்ந்த மொஹிதீன் ஷெரீப் என்ற மருத்துவர் அந்த நூலுக்கு ஒரு துணை நூல் எழுதினார். நாட்டு மருந்துக் கடைச் சரக்குகளுக்கு ஒவ்வொரு மொழியிலும் என்ன பேர் என்று ஒழுங்குபடுத்திய வேலை அது. இந்த மாதிரி ஆட்களைப் பற்றித் தனியாக ஒரு எபிசோடே போடலாம்.

ஆனா உண்மையைச் சொல்லணும்னா, மலேரியா விஷயத்தில் நம்ம பட்டைகள் எதுவும் கொய்னாவின் இடத்தைப் பிடிக்கலை. காரணம் வேதியியல். 1820-ல் பாரிஸில் பெல்லெத்தியே, கவாந்து என்ற இரண்டு பேர் கொய்னா பட்டையிலிருந்து குயினைனைத் தனியாகப் பிரித்தார்கள். அது ரத்தத்தில் இருக்கிற கிருமியை நேரடியாகக் கொல்லும்.

ஆண்டீஸிலிருந்து ஊட்டி வரை

கொய்னா மரத்தின் சொந்த ஊர் தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலை. 17-ஆம் நூற்றாண்டில் ஏசு சபைப் பாதிரிமார்கள் பட்டையை ஐரோப்பாவுக்குக் கொண்டு போனார்கள். பெரு நாட்டு வைஸ்ராயின் மனைவி, சின்சோன் சீமாட்டி, இந்தப் பட்டையால் குணமானார் என்று ஒரு கதை இருக்கு. அதை நம்பித்தான் லின்னேயஸ் 1742-ல் மரத்துக்கு அவங்க பேரை வைத்தார். பேரை எழுதும்போது ஒரு எழுத்தையும் விட்டுவிட்டார். கதையே உண்மை இல்லை என்று பிற்கால வரலாற்றாசிரியர்கள் காட்டிவிட்டார்கள். பேர் மட்டும் ஒட்டிக்கிச்சு.

இந்தியாவில் இருந்த ஆங்கிலேய அரசுக்கும் ராணுவத்துக்கும் மலேரியா பெரிய தலைவலி. பட்டையோ தென் அமெரிக்காவிலிருந்து மட்டும் வருது. அதனால் 1860-ல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் என்பவரை பெருவுக்கு அனுப்பினார்கள். அவர் சேகரித்த கன்றுகள் கண்ணாடிப் பெட்டிக்குள் கப்பல் ஏறி, செங்கடல் வெயிலில் வாடி, அக்டோபரில் ஊட்டி வந்து சேர்ந்தன. ஒன்றுகூடத் தேறவில்லை. ரிச்சர்ட் ஸ்ப்ரூஸும் ராபர்ட் கிராஸும் ஈக்வடாரில் திரட்டிய சிவப்புப் பட்டை வகை 1861-ல் வந்தது. அதுதான் நீலகிரியில் பிடித்துக்கொண்டது.

அந்தச் செடிகளை வளர்த்தவர் ஊட்டி அரசுத் தோட்டத்தின் கண்காணிப்பாளர் வில்லியம் மெக்ஐவர். தொட்டபெட்டாவிலும், ஊட்டி–கூடலூர் சாலையில் இருக்கிற நடுவட்டத்திலும் தோட்டங்கள் உருவாயின. மெக்ஐவர் ஒரு உத்தி கண்டுபிடித்தார். மரத்தை வெட்டாமல், பட்டையை நீள நீளமாக, ஒரு பட்டி விட்டு ஒரு பட்டி உரித்து, உரித்த இடத்தைப் பாசியால் மூடிக் கட்டிவிடுவார். பட்டை திரும்ப வளரும். அப்படி வளர்ந்த பட்டையில் மருந்துச் சத்தும் அதிகமாக இருந்தது.

உரித்தது யார்?

மலைச்சரிவில் காட்டை வெட்டி, குழி தோண்டி, கன்று நட ஆள் வேண்டும். அதற்குக் கைதிகளைப் பயன்படுத்தினார்கள். அதிலும் சீனக் கைதிகள். சிங்கப்பூர், பினாங்கு இருந்த ஜலசந்திக் குடியேற்றங்களில் தண்டனை பெற்றவர்கள் மெட்ராஸ் மாகாணச் சிறைகளுக்கு அனுப்பப்பட்டார்கள். அங்கிருந்து ஒரு பகுதியினர் நீலகிரிக்கு ஏற்றப்பட்டார்கள். நடுவட்டத்தில் அவர்கள் இருந்த சிறைக் கட்டடத்தை இப்ப அருங்காட்சியகமா வெச்சிருக்காங்க. கூடலூர் போற வழியில பார்க்கலாம்.

தண்டனை முடிந்த பிறகு சிலர் ஊர் திரும்பாமல் அங்கேயே தங்கி, தமிழ்ப் பெண்களைக் கல்யாணம் செய்து, காய்கறித் தோட்டமும் பால் வியாபாரமுமாக வாழ்ந்தார்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் இந்தக் குடும்பங்களைப் பற்றி எழுதியிருக்கிறார். எழுதியது எப்படின்னா, மூக்கு நீளம், தோல் நிறம்னு அளந்து. அவங்க என்ன நினைச்சாங்கன்னு கேட்டு எழுத யாருக்கும் தோணலை.

இதே காலத்தில் பொலிவியாவிலும் ஒருவர் விலை கொடுத்தார். மானுவல் இன்க்ரா மமானி. குயினைன் அதிகமுள்ள மர வகையை அடையாளம் கண்டு விதை சேகரித்த பழங்குடி மனிதர். அவருடைய முதலாளி சார்லஸ் லெட்ஜர் அந்த விதையை முதலில் ஆங்கிலேய அரசுக்குத்தான் விற்கப் பார்த்தார். அவர்கள் வேண்டாம் என்றார்கள். 1865-ல் டச்சுக்காரர்கள் வாங்கி ஜாவாவில் நட்டார்கள். மமானி விதை கடத்தியதற்காகச் சிறையில் அடிபட்டு இறந்தார். மரத்துக்கு வந்த பேர் லெட்ஜரியானா.

மெட்ராஸில் நடந்த பெரிய டெஸ்ட்

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதிக்கு வரேன்.

நீலகிரியில் விளைந்த சிவப்புப் பட்டையில் ஒரு சிக்கல். குயினைன் குறைவு. அதோடு பிறந்த மற்ற மூன்று, அதாவது குயினிடின், சின்கோனின், சின்கோனிடின், எல்லாம் சேர்த்தால் நிறைய. இந்த மூன்றும் வேலை செய்யுமா, குப்பையா? இதைத் தெரிந்துகொள்ள மெட்ராஸ் சின்கோனா கமிஷன் ஒரு சோதனை நடத்தியது. 1866-லிருந்து 1868 வரைக்கும், 3,600 நோயாளிகள். நாலு மருந்தையும் கொடுத்துப் பார்த்தார்கள். நாலுமே ஏறக்குறைய ஒரே அளவு வேலை செய்தது. குணமானவர்கள் 98 சதவீதத்துக்கும் மேல்.

அந்தக் காலத்துக்கு இது அசாத்தியமான வேலை. மலேரியாவுக்குக் காரணம் ஒரு கிருமி என்பதே அப்போது தெரியாது. லாவெரான் அதைப் பார்த்தது 1880-ல். கொசுதான் பரப்புகிறது என்று ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் துப்புக் கண்டுபிடித்தது 1897-ல். வேடிக்கை என்னன்னா, அதே வருஷம் அதுக்குக் கொஞ்ச மாசம் முன்னாடி ராஸ் ஊட்டிக்கு வந்து, கீழே சீகூர் கணவாய்க்குப் போய், அவருக்கே மலேரியா பிடிச்சது.

சோதனையின் பலன் பெரிது. விலை உயர்ந்த சுத்தமான குயினைன்தான் வேண்டும் என்கிற கட்டாயம் போச்சு. பட்டையின் மொத்தச் சத்தையும் கலந்து மலிவான காய்ச்சல் மருந்து செய்யலாம் என்ற வழி திறந்தது. டார்ஜிலிங் பக்கம் முங்பூவில் இருந்த அரசுத் தொழிற்சாலை 1870-களில் அப்படி ஒரு கலவையைச் செய்யத் தொடங்கியது.

ஆனா சாஃப்ட்வேர்ல இருக்கிறவங்களுக்கு இந்த இடத்துல ஒரு கேள்வி எழணும். 98 சதவீதம்னா, எதை அளந்தாங்க?

அவர்கள் அளந்தது காய்ச்சல் நின்றதா என்பதை. நம்ம ஊரில் அதிகமாகக் காணப்படும் வைவாக்ஸ் வகை மலேரியாவில் கிருமியின் ஒரு பகுதி கல்லீரலுக்குள் போய்த் தூங்கும். குயினைன் ரத்தத்தில் இருக்கிறதைக் கொல்லும், தூங்குகிறதைத் தொடாது. காய்ச்சல் நிற்கும். ஆளும் எழுந்து வேலைக்குப் போவார். சில வாரமோ மாதமோ கழித்து மறுபடி காய்ச்சல். அந்தத் தூங்கும் கிருமியை அறிவியல் கண்ணால் பார்த்ததே 1980-களின் தொடக்கத்தில்தான். மருந்தே கொடுக்காத ஒரு குழுவோடு ஒப்பிட்டதாகவும் இந்த எண் சொல்லலை. அதனால அந்த 98 பொய் இல்ல. அது கேட்ட கேள்விக்கு மட்டும் பதில். கேட்க வேண்டிய அடுத்த கேள்வி, திரும்ப வருமா என்பது.

காலணாவுக்கு ஒரு பொட்டலம்

சரி, மருந்து ரெடி. மக்களுக்குப் போய்ச் சேர்ந்ததா?

1892-ல் வங்காளத்தில் நல்ல ஒரு ஏற்பாடு வந்தது. தபால் ஆபீஸில் குயினைன் பொட்டலம். விலை காலணா. இது பிறகு மற்ற மாகாணங்களுக்கும் பரவியது. இன்னைக்குப் பார்த்தாலும் அருமையான யோசனை. மருத்துவமனை இல்லாத ஊரிலும் தபால் ஆபீஸ் இருக்கும்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஒரு பொட்டலத்தில் 5 கிரெய்ன், அதாவது சுமார் 325 மில்லிகிராம். இன்றைய மருத்துவக் கணக்குப்படி 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு ஒரு வேளைக்கு 600 மில்லிகிராம், தினம் 3 வேளை, 7 நாள். மொத்தம் 12.6 கிராம். 39 பொட்டலம் வேணும். காசாகப் பார்த்தால் கிட்டத்தட்ட 10 அணா. கூலி வேலை செய்பவருக்கு அது பல நாள் சம்பாத்தியம், அதுவும் காய்ச்சலில் வேலைக்குப் போகாத நாட்களில். ஒருத்தர் ஒண்ணு ரெண்டு பொட்டலம் வாங்கி, குளிர் விட்டதும் நிறுத்தியிருந்தா, அவரை நாம தப்பு சொல்ல முடியாது.

இன்னொரு பக்கம், உலகச் சந்தை ஜாவா கைக்குப் போனது. லெட்ஜரியானா பட்டையில் குயினைன் அதிகம் என்பதால் நீலகிரிப் பட்டை போட்டி போட முடியவில்லை. 1913-ல் டச்சுத் தோட்டக்காரர்களும் மருந்து உற்பத்தியாளர்களும் ஒப்பந்தம் போட்டு விலையை நிர்ணயிக்க ஆரம்பித்தார்கள். 1930-களில் உலகத்தின் குயினைனில் சுமார் 90 சதவீதம் ஜாவாவிலிருந்து. 1942 மார்ச்சில் ஜப்பான் ஜாவாவைப் பிடித்ததும் குழாயை மூடின மாதிரி வரத்து நின்றது. எல்லாத்தையும் ஒரே சர்வர்ல வெச்சா என்ன ஆகும்னு நமக்குத் தெரியும். அடுத்த வருஷம் வங்காளப் பஞ்சம். பசியோடு மலேரியாவும் சேர்ந்து கொன்றபோது குயினைன் கள்ளச் சந்தையில் இருந்தது.

எண்ணூர்: விறகும் குழியும்

இப்ப நம்ம ஊருக்குத் திரும்பலாம். எண்ணூரிலிருந்து நெல்லூர் வரைக்கும் இந்தக் கடற்கரை மணல்ல ஏன் அவ்வளவு மலேரியா?

காரணங்களில் ஒன்று, சவுக்கு. மெட்ராஸ் நகரத்து அடுப்புகளுக்கு விறகு வேண்டும். அதற்காக வடக்குக் கடற்கரை மணலில் சவுக்குத் தோப்புகள் போட்டார்கள். வெட்டிய விறகு பக்கிங்காம் கால்வாயில் படகேறி பேசின் பிரிட்ஜ் பக்கம் போய் இறங்கும். சவுக்குக் கன்று முதல் வருஷங்களில் தண்ணீர் இல்லாமல் பிழைக்காது. அதனால் தோப்புக்குள் அங்கங்கே மணலைத் தோண்டிக் குழி போடுவார்கள். கொஞ்சம் தோண்டினாலே நல்ல தண்ணீர் ஊறும். குடத்தில் மொண்டு கன்றுக்கு ஊற்றுவார்கள். அந்தத் தெளிந்த தண்ணீர்தான் அனாஃபிலிஸ் கூலிசிஃபேசிஸ் என்ற கொசுவுக்கு முட்டையிடத் தோதான இடம். மலேரியா ஆய்வாளர்கள் இந்தச் சவுக்குக் குழிகளைக் குறிப்பாகச் சுட்டிக்காட்டினார்கள்.

யோசிச்சுப் பாருங்க. நகரத்துக்குச் சோறு வேகணும். அதுக்கான விறகுக்கு இங்க குழி. குழியில கொசு. காய்ச்சல் தோப்பில் வேலை செய்யறவங்களுக்கு. நீலகிரியிலிருந்து எத்தனை மூட்டை பட்டை வந்தாலும் குழி இருக்கிற வரைக்கும் அடுத்த மழைக்கு அடுத்த காய்ச்சல். பட்டை ஆளைக் குணப்படுத்தும். ஊரைக் குணப்படுத்த மண்வெட்டி வேணும். நான் ஆரம்பத்துல கேட்ட கேள்விக்கு என்னோட பதில் இதுதான்.

வடசென்னைக்காரங்களுக்கு இது பழக்கமான கணக்கு. அப்ப விறகு, இப்ப மின்சாரம். ஊருக்கெல்லாம் போற பொருள் இங்கிருந்து போகும். அதோட மிச்சம் இங்கயே தங்கும்.

பட்டையின் இன்றைய வாழ்க்கை

சுதந்திரம் வந்தபோது இந்தியாவில் வருஷத்துக்கு 7.5 கோடிப் பேருக்கு மலேரியா, 8 லட்சம் சாவு என்பது மதிப்பீடு. 1953-ல் தேசியத் திட்டம் தொடங்கியது. டிடிடி தெளிப்பு, குளோரோகுயின் மாத்திரை. 1934-லேயே ஜெர்மனியில் பேயர் ஆய்வகத்தில் ஹான்ஸ் ஆண்டர்சாக் உருவாக்கிய மருந்து அது. 1965 வாக்கில் எண்ணிக்கை 1 லட்சமாக இறங்கியது. ஜெயிச்சுட்டோம்னு கை கழுவினதும் 1976-ல் 64 லட்சமாக ஏறியது.

கொய்னா தோட்டங்கள் மெல்லத் தேயிலையாக மாறின. வால்பாறைக்குப் பக்கத்தில் சின்கோனா என்றே ஒரு ஊர் இருக்கு, அங்க இப்ப பார்த்தா தேயிலைதான். மருந்தாகவும் குயினைன் பின்னுக்குப் போய்விட்டது. உயிருக்கு ஆபத்தான மலேரியாவில் ஆர்ட்டிசுனேட் ஊசி அதிக உயிரைக் காப்பாற்றுகிறது என்று 2005-லும் 2010-லும் ஆசியா, ஆப்பிரிக்காவில் நடந்த பெரிய ஆய்வுகள் காட்டின. இப்போது அது கிடைக்காத இடத்தில்தான் குயினைன்.

ஆனா பட்டை ரிட்டயர் ஆகலை. குயினிடின் இதயத் துடிப்புக் கோளாறுக்கு மருந்தானது. இன்னொன்று வேதியியலில். ஒரு மூலக்கூறை இடது கை, வலது கை மாதிரி இரண்டு விதமாகச் செய்யலாம் என்றால், நமக்கு வேண்டிய கையை மட்டும் செய்ய வைக்க இந்தப் பட்டையின் சத்துகளிலிருந்து செய்த வினையூக்கிகள் உதவும். அந்த மாதிரி வேலைக்காக பாரி ஷார்ப்லெஸ் 2001-ல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

அப்புறம் டானிக் வாட்டர். அதில் குயினைன் இருக்கு, மலேரியாவுக்கு நல்லதுன்னு ஒரு பேச்சு சுத்துது. அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு லிட்டருக்குச் சுமார் 83 மில்லிகிராம். ஒரு நாள் மருந்தளவு 1,800 மில்லிகிராம். தினம் 21 லிட்டருக்கு மேல் குடிக்கணும். பட்டைத் தூளை ஆன்லைன்ல வாங்கி நீங்களே கஷாயம் போடுறதும் வேண்டாம். அளவு தெரியாமல் போனால் காதில் இரைச்சல், பார்வைக் கோளாறு, ரத்தச் சர்க்கரை இறக்கம் வரைக்கும் போகும்.

கடைசியா, இது வெறும் பழங்கதை இல்லைன்னு ஏன் சொல்றேன்னா, தமிழ்நாட்டின் மலேரியாவில் பெரும்பங்கு ரொம்ப நாளாக சென்னை நகரத்திலிருந்தே வந்தது. இங்க வில்லன் அனாஃபிலிஸ் ஸ்டீபன்சி. கிணறு, மூடாத மொட்டை மாடித் தொட்டி, கட்டட வேலை நடக்கிற இடத்துத் தண்ணீர்த் தொட்டி, இதெல்லாம் அதோட வீடு. சவுக்குக் குழி மாடிக்கு ஏறிடுச்சு, அவ்வளவுதான். 2030-க்குள் இந்தியாவில் மலேரியாவை ஒழிப்பது இலக்கு.

வைவாக்ஸ் வந்தால் குளோரோகுயின் 3 நாள். தூங்குகிற கிருமிக்கு பிரைமாகுயின் 14 நாள். சிலருக்கு ஒரு நொதிக் குறைபாட்டால் பிரைமாகுயின் ஒத்துக்காது, அதனால டாக்டர் சொல்லித்தான் சாப்பிடணும். பிரச்சினை எங்கன்னா, மூணாவது நாளே காய்ச்சல் விட்டுடும். கட்டட வேலைக்கு வந்தவர் அடுத்த சைட்டுக்குப் போயிடுவார், ஆபீஸ் போறவர் மாத்திரையை டிராயர்ல போட்டுடுவார். 1868-ல் மெட்ராஸில் அளந்த அதே அளவுகோல், காய்ச்சல் நின்றதா என்பது, இன்னைக்கும் நம்ம தலையில இருக்கு. உங்க வீட்டுலயோ, உங்க அபார்ட்மென்ட்டுக்கு எதிரே எழும்புற கட்டடத்துலயோ யாருக்காவது மலேரியான்னு தெரிஞ்சா, 10-ஆவது நாள் ஒரு தடவை கேளுங்க, "மாத்திரை இன்னும் போடுறீங்களா?"ன்னு. அப்படியே தொட்டி மூடியிருக்கான்னும் பாருங்க.

அடுத்த எபிசோடில் பக்கிங்காம் கால்வாயைப் பற்றிப் பேசலாம்.